கையில் பிடித்தே காட்டுயிர் எடுக்க எந்த ஜூம் லென்ஸ்?

கேள்வி இது: காட்டுயிர் பார்க்கப் பயணம் போகிறேன். ட்ரைபாட் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. கையில் பிடித்தே எடுக்க ஒரே ஒரு ஜூம் லென்ஸ் வாங்க வேண்டும். 100-400 மி.மீ. போதுமா, இல்லை 600 வரை போகிற லென்ஸாகப் பார்த்து வாங்கட்டுமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யானை, மான், புலி என்று விலங்குகளைப் பார்க்கத்தான் போகிறீர்கள், பறவை கண்ணில் பட்டால் அதையும் எடுப்பீர்கள் என்றால் 100-400 அல்லது 100-500. பறவைக்காகவே போகிறீர்கள் என்றால் 600. இரண்டும் சமமாக வேண்டும் என்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு என் ஓட்டு 100-500 பக்கம். எடையும் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை.

லென்ஸ் வாங்கும்போது எல்லோரும் பெரிய எண்ணைத்தான் பார்க்கிறார்கள், சின்ன எண்ணைக் கவனிப்பதில்லை. ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் படம் பதியும் சென்சாரின் அகலம் 36 மி.மீ. அதை விலங்கு நிற்கும் தூரத்தால் பெருக்கி ஃபோகல் லென்த்தால், அதாவது லென்ஸின் அந்த மி.மீ. எண்ணால், வகுத்தால், அந்தத் தூரத்தில் எத்தனை மீட்டர் அகலம் படத்துக்குள் அடங்கும் என்று தெரிந்துவிடும். 15 மீட்டரில் ஒரு யானை நிற்கிறது, உங்களிடம் 200-600 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழுக்கக் குறைத்து 200-இல் வைத்தாலும் 2.7 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம்தான் அடங்கும். வளர்ந்த யானை அதில் எங்கே அடங்கும்? காதும் கண்ணும் தந்தமும் கிடைக்கும், யானை கிடைக்காது. அதே இடத்தில் 100 மி.மீ. என்றால் 5.4 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் உயரம். யானையும் வரும், பக்கத்தில் நிற்கும் குட்டியும் வரும், பின்னால் கொஞ்சம் மரமும் வரும்.

வாகனத்தில் போகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். பாதையோரத்தில் நிற்கும் விலங்கு நாம் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கும். பின்னால் போகவும் முடியாது, இறங்கவும் முடியாது. லென்ஸை மாற்றலாம் என்றால் வண்டி கிளப்பிய புழுதியெல்லாம் சென்சாரில் போய் உட்காரும். ஒரே லென்ஸ் என்று முடிவு செய்தவருக்கு 100-இல் தொடங்குவது அதனால்தான் இவ்வளவு முக்கியம். அதைவிடச் சிறிய கிராப் சென்சார் உள்ள கேமரா பாடி வைத்திருந்தால் இன்னும் நெருக்கடி. 200 என்பது அங்கே 300 ஆகிவிடும்.

சரி, இப்போது அதே கணக்கை மறுபக்கம் போட்டுப் பார்ப்போம். 20 மீட்டரில் 15 செ.மீ. நீளமுள்ள ஒரு குருவி. 400-இல் படத்தின் அகலம் 1.8 மீட்டர், குருவி அதில் 12-இல் ஒரு பங்கு. 600-இல் 1.2 மீட்டர், குருவி 8-இல் ஒரு பங்கு. 24 மெகாபிக்சல் கேமராவில் படத்தின் அகலம் சுமார் 6000 பிக்சல் என்பதால், முதலாவதில் குருவிக்கு 500 பிக்சல், இரண்டாவதில் 750 பிக்சல். இறகின் வரிகள் தனித்தனியாகத் தெரிவதா, மசமசவென்று போவதா என்பது இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. பறவைக்காரர்கள் 600 கேட்பது வீம்புக்காக அல்ல.

ஆனால் அந்த 600-ஐத் தூக்க வேண்டுமே. சோனி 200-600 ட்ரைபாட் கால் இல்லாமலே 2.1 கிலோ. நிகான் 180-600 காலரை (ட்ரைபாடில் பொருத்தும் வளையம்) கழற்றினால் 1.95 கிலோ. கேனன் ஆர்எஃப் 200-800 சுமார் 2.05 கிலோ. இதன் மேல் கேமரா பாடி 650, 700 கிராம் சேரும். மொத்தம் இரண்டே முக்கால் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுபுறம் கேனன் ஆர்எஃப் 100-500 காலர் இல்லாமல் 1.37 கிலோ, நிகான் இசட் 100-400 1.35 கிலோ, சோனி 100-400 ஜி மாஸ்டர் 1.4 கிலோ. இடைநடுவில் டாம்ரான் 150-500, 1.7 கிலோ.

காகிதத்தில் இந்த முக்கால் கிலோ அற்பமாகத் தெரியும். கடையில் ஒரு நிமிடம் தூக்கிப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். படம் எடுப்பதில் எடை தெரியாது, காத்திருப்பதில்தான் தெரியும். மீன்கொத்தி ஒன்று தண்ணீருக்கு மேல் கிளையில் உட்கார்ந்திருக்கிறது. எப்போது பாயும் என்று அதற்குத்தான் தெரியும். கண்ணில் கேமராவை வைத்தபடி நிற்கிறீர்கள். அரை நிமிடத்தில் இடது மணிக்கட்டு கனக்கத் தொடங்கும். ஒரு நிமிடத்தில் வியூஃபைண்டருக்குள் பறவை மெல்ல மேலும் கீழும் ஆடும். பறவை ஆடவில்லை, உங்கள் தோள் ஆடுகிறது. இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, ஒரு மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்று இறக்குவீர்கள். மீன்கொத்தி அந்த நொடியில்தான் பாயும். 1.4 கிலோ லென்ஸில் இந்தப் பொறுமை இரண்டு மூன்று மடங்கு நீளுகிறது என்பது என் அனுபவம்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டே முக்கால் கிலோ எடையுள்ள எதையாவது இரண்டு கையாலும் கண் உயரத்தில் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடியும். நாலைந்து முறை முடிந்தும் சிரித்த முகமாக இருந்தால் 600 உங்களுக்கு ஆகும்.

எடை ஒன்று, அது எங்கே இருக்கிறது என்பது இன்னொன்று. சோனி 200-600, நிகான் 180-600, ஃபியூஜிஃபில்ம் 150-600 மூன்றும் ஜூம் செய்யும்போது நீளாது. எல்லாம் குழாய்க்குள்ளேயே நகரும். அதனால் இடது கையில் அமர்ந்த சமநிலை மாறாது, வளையத்தை விரலால் தள்ளினாலே போதும். நிகானில் 180-இலிருந்து 600-க்குப் போக 70 டிகிரி திருப்பினால் முடிந்தது. நீளுகிற வகையில் முன்கண்ணாடி வெளியே போகப் போக எடையும் முன்னால் போகும், மணிக்கட்டுக்கு அது தெரியும். ஆனால் பயணக்காரருக்கு அந்த வகைதான் பையில் அடங்கும். 100-500 சுருங்கினால் சுமார் 21 செ.மீ., 200-600 எப்போதுமே 32 செ.மீ. கைப்பையில் 7 கிலோவுக்கு மேல் அனுமதிக்காத விமானங்கள் நிறைய இருப்பதையும் கணக்கில் வையுங்கள். லென்ஸைச் சரக்குப் பெட்டியில் போடும் தைரியம் எனக்கு இல்லை.

அப்புறம் அபெர்ச்சர். 100-500-இல் எஃப்/7.1 என்று கேட்டதும், ஒளி குறைவாயிற்றே என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்க வேண்டாம். ஃபோகல் லென்த்தை அந்த எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் வரும். 400-இல் எஃப்/5.6 என்றால் 71 மி.மீ. 500-இல் எஃப்/7.1 என்றால் 70 மி.மீ. கிட்டத்தட்ட ஒன்றேதான். அதாவது ஒரே தூரத்தில் நிற்கும் அதே மானிலிருந்து இரண்டு லென்ஸும் சேகரிக்கும் ஒளி ஒன்றுதான். 400-இல் எடுத்து 500 அளவுக்கு வெட்டினால், இரைச்சலும் (படத்தில் தெரியும் புள்ளி புள்ளியான கரகரப்பு) ஏறக்குறைய 500-இல் எடுத்த அளவுக்கே வந்து நிற்கும். உண்மையான ஆதாயம் 600-இல் எஃப்/6.3 தருகிற 95 மி.மீ. துளையில்தான் இருக்கிறது. பரப்பளவில் அது 1.8 மடங்கு. கூடுதல் எடைக்குக் கிடைக்கும் கூலி அது. விடியலிலும் அந்தியிலும் மரநிழலிலும் வேலை செய்கிறவருக்கு அந்தக் கூலி பெரிது. எஃப்/4 வேண்டும் என்று கனவு காண்பவர்களுக்கு ஒன்று: 500 எஃப்/4 லென்ஸ்கள் மூன்று கிலோ சுமார் வரும், அதுவும் ஜூம் இல்லாமல்.

லென்ஸுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பு கையாட்டத்தை நிறுத்தும், விலங்கை நிறுத்தாது. ஐந்து ஸ்டாப் என்று பெட்டியில் போட்டிருந்தால், ஒரு ஸ்டாப்புக்கு ஷட்டர் வேகம் பாதியாகும் என்பதால், 500 மி.மீ.-இல் 1/500 நொடிக்குப் பதில் 1/15 வரை இறங்கலாம் என்று கணக்கு. 1/15 நொடிக்கு எந்த மான் காதை ஆட்டாமல் நிற்கும்? நான் வைக்கும் வேகங்கள் இவை: உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500, நடக்கும் விலங்குக்கு 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2000 அல்லது அதற்கு மேல். அதிர்வுத் தடுப்பின் பெரிய உதவி உண்மையில் வியூஃபைண்டரில்தான். காட்சி ஆடாமல் நின்றால் ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின் மேல் வைக்க முடியும். வாகனத்தில் போகும்போது எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். அந்த அதிர்வுக்கு எந்த லென்ஸும் முழுப் பொறுப்பு எடுத்துக்கொள்ளாது.

பறக்கும் பறவைக்கும் சின்ன எண் உதவும். 600-இல் பக்கவாட்டுப் பார்வை மூன்றரை டிகிரிக்கும் சற்றுக் குறைவு. அந்த ஓட்டைக்குள் வானத்தில் பறவையைத் தேடுவது பெரும்பாடு. விரித்து வைத்துப் பறவையைப் பிடித்து, ஃபோகஸ் பூட்டியதும் ஜூம் செய்து உள்ளே போவதுதான் வழி. 100-இல் 20 டிகிரி கிடைக்கிறது.

லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டி ஃபோகல் லென்த்தைக் கூட்டும் டெலிகன்வர்ட்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1.4 மடங்கு போட்டால் ஒரு ஸ்டாப் ஒளி, அதாவது பாதி ஒளி, போகும், ஏற்கெனவே எஃப்/6.3, 7.1 என்று இருக்கும் ஜூமில் அது வலிக்கும். கேனன் 100-500-இல் அதைப் பொருத்தினால் ஜூம் வளையத்தை 300-க்குக் கீழே கொண்டுவரவே முடியாது. 100-இல் தொடங்கும் வசதிக்காக வாங்கிய லென்ஸில் அந்த வசதியையே இழப்பதில் அர்த்தமில்லை.

எடை நிஜமாகவே பிரச்சினை என்றால் வேறு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, கேனன் ஆர்எஃப் 100-400 எஃப்/5.6-8. வெறும் 635 கிராம். வெளிச்சம் இருக்கும்வரை நன்றாகவே எடுக்கும், பட்டாம்பூச்சி மாதிரிச் சின்னவற்றைப் பெரிதாகக் காட்டுவதிலும் கெட்டி. நாள் முழுக்க நடக்கிறவர்கள் இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இன்னொன்று, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சிறிய சென்சார் கேமரா வகை. பானசோனிக் லைக்கா 100-400 ஒரு கிலோவுக்குச் சற்றுக் கீழே, ஓஎம் சிஸ்டம் 100-400 1.1 கிலோ. இரண்டும் ஃபுல் ஃபிரேம் கணக்கில் 200-800 பார்வைக் கோணம் தரும். சென்சார் சிறியது என்பதால் அந்தியில் இரைச்சல் கூடும், அகலப் பக்கமும் 200-இல்தான் தொடங்கும். ஆனாலும் 800-ஐ நாள் முழுக்கக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிய வேறு வழி குறைவு.

600 வாங்கிவிட்டு, வெயில் ஏறிய பிறகு திறந்தவெளியில் 150 மீட்டர் தள்ளி நிற்கும் விலங்கை எடுத்துவிட்டு, லென்ஸ் சரியில்லை என்று சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். லென்ஸ் மேல் குற்றமில்லை. சூடான தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைக்கிறது, அவ்வளவுதான். 1200 மி.மீ. வைத்தாலும் அந்தக் கானலைத்தான் பெரிதாக எடுப்பீர்கள். காலையில் போங்கள், அல்லது பக்கத்தில் வரும்வரை பொறுங்கள்.

எதை வாங்கினாலும் பிடிக்கும் முறை ஒன்றுதான். இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில், எடை விழும் இடத்தில் இருக்கட்டும். இரண்டு முழங்கையும் விலாவை ஒட்டட்டும். ட்ரைபாட் கால் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், முடியாவிட்டால் மேல் பக்கம் திருப்பிவிடுங்கள், கை உறுத்தாது. காத்திருக்கும் நேரத்தில் உட்கார இடம் கிடைத்தால் முழங்காலில் முழங்கையை ஊன்றுங்கள், மரமோ வண்டிக் கதவோ கிடைத்தால் சாய்ந்துகொள்ளுங்கள்.

வாடகைக்குக் கிடைத்தால் இரண்டு வகையையும் ஒவ்வொரு நாள் எடுத்துப் பாருங்கள். வீட்டைச் சுற்றி வரும் காகமும் அணிலும் போதும். படத்தின் கூர்மையை இணையத்தில் நூறு பேர் அளந்து வைத்திருக்கிறார்கள், அதை விட்டுவிடுங்கள். கண்ணை எடுக்காமல் ஜூம் வளையம் விரலுக்கு எட்டுகிறதா, ஃபோகஸ் தேடும் தூரத்தைக் குறைத்து வைக்கும் சுவிட்ச் தடவினாலே தெரிகிறதா, பாடியைக் கழற்றாமல் உங்கள் பைக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.