மேட்ரிக்ஸ் படத்தில் நியோ இயேசுவா, புத்தரா?

"நியோ இயேசுவின் உருவகம்தானே, அப்புறம் ஏன் பௌத்தப் படம் என்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கணினி உருவாக்கிய பொய்யுலகை நிஜமென்று நம்பி வாழ்ந்து, பிறகு விழித்தெழும் நாயகன்தான் நியோ. அவனிடம் இரண்டும் இருக்கிறது. ஆனால் மேலே தெரிவது கிறித்தவம், அடியில் ஓடுவது வேறு என்பது என் கருத்து.

1999இல் வந்த முதல் படத்தில் கிறித்தவக் குறியீடுகள் கண்ணெதிரே நிற்கின்றன. நாயகியின் பெயர் டிரினிட்டி, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவம். மனிதர்களின் கடைசி நகரம் சீயோன், பைபிளில் எருசலேமைக் குறிக்கும் பெயர். நியோவை விழிக்கவைக்கும் மார்ஃபியஸின் கப்பலில் ஒரு உலோகத் தகடு சில நொடிகள் தெரியும். 'மார்க் 3, எண் 11' என்று பொறித்திருக்கும். 'மார்க்' என்றால் பைபிளின் மாற்கு நற்செய்தியும்தான். அதில் 3:11ஐ எடுத்துப் பாருங்கள்: அசுத்த ஆவிகள் இயேசுவின் முன் விழுந்து "நீர் தேவனுடைய குமாரன்" என்று கத்துகின்றன. கப்பலின் பெயர் நேபுகாத்நேச்சார், கனவு கண்டு கலங்கிய பாபிலோன் ராஜா. விழித்தெழுவது பற்றிய படத்துக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! நியோ செத்து எழுவதைச் சொல்லவே வேண்டாம்.

சரி, அவன் எதிலிருந்து விடுபடுகிறான்? பாவத்திலிருந்து இல்லை, அறியாமையிலிருந்து. பௌத்தம் பேசும் விடுதலை இதுதான். துறவிபோல மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருக்கும் சிறுவன் கரண்டியை வளைத்துக்காட்டி, "கரண்டியே கிடையாது, வளைவது நீதான்" என்கிறான். அந்தக் கரண்டியில் நியோவின் முகம் நெளிந்து தெரியும். எனக்கு மொத்தப் படமும் அந்த ஒரு ஷாட்டில் அடங்கிவிடுகிறது. மூன்றாம் பாகம் முடிந்து பெயர்கள் ஓடும்போது கேட்பதும் பைபிள் வசனம் இல்லை. "அசதோ மா ஸத் கமய", பொய்யிலிருந்து மெய்க்கு அழைத்துப் போ என்ற பிருகதாரண்யக உபநிடத வரி.