நாலு மாடு இருந்தும் உரச் செலவு குறையவில்லையே?

கேள்வி: மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசனத்தில் 3 ஏக்கர் நெல் போடுகிறேன். 4 கறவை மாடு. வருஷா வருஷம் குப்பை அடிக்கிறேன். மாட்டுக்குப் போக மிஞ்சும் 3 டன் வைக்கோலை வியாபாரியிடம் விற்றுவிடுகிறேன். இருந்தும் யூரியா, பொட்டாஷ் வாங்குவது குறையவில்லை. சத்தெல்லாம் எங்கே போகிறது?

பதில்: சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ் தரும் சத்து, வைக்கோல் லாரியில் போகிறது. நெற்பயிர் எடுக்கிற சாம்பல் சத்தில் முக்கால் பங்குக்கு மேல் வைக்கோலில்தான் தங்கும், மணியில் கொஞ்சம்தான். காய்ந்த வைக்கோல் 1 டன்னில் சுமார் 15 கிலோ இருக்கும். கடைப் பொட்டாஷில் பாதிதான் சத்து என்பதால் இது 30 கிலோ உரத்துக்குச் சமம். நீங்கள் விற்கும் 3 டன்னோடு கிட்டத்தட்ட 2 மூட்டை பொட்டாஷ் போய்விடுகிறது. விற்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில்தான் அறுப்பு மெஷின் வாடகை கொடுக்கிறோம் என்கிற வீடுகள் நிறைய. ஆனால் விலை பேசும்போது இந்த 2 மூட்டையையும் கணக்கில் வையுங்கள்.

தழைச்சத்து, அதாவது யூரியா தரும் சத்து, போவது தொழுவில். மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி கோமியத்தில் இருக்கிறது. விடியற்காலை தொழுவுக்குள் நுழைந்ததும் மூக்கை அரிக்கிறதா? அது அம்மோனியா. கோமியத்தில் யூரியாவாக இருந்த சத்துதான் அப்படிக் காற்றோடு போகிறது. மாடு தின்னாமல் ஒதுக்கிய கூளத்தையும் காய்ந்த சருகையும் ராத்திரி காலடியில் பரப்பிவிடுங்கள். காலையில் ஊறிய கூளத்தைச் சாணத்தோடு வாரி எருக்கிடங்கில் போட்டு, மேலே ஒரு கை மண் தூவுங்கள். கிடங்கு மர நிழலில், மழைத்தண்ணீர் புகாத மேட்டில் இருக்கட்டும்.

உள்ளே வருவதையும் பாருங்கள். நீங்கள் வாங்கும் புண்ணாக்கும் தவிடும் தீவனம் மட்டுமல்ல, உரமும்கூட. 10 லிட்டர் பாலோடு வெளியே போகும் தழைச்சத்து சுமார் 50 கிராம்தான். மாடு தின்றதில் பெரும்பகுதி சாணத்திலும் கோமியத்திலும் திரும்பி வந்துவிடும். சாண எரிவாயுக் கலன் வைத்தாலும் தழைச்சத்து கழிவுக் குழம்பிலேயே நிற்கும். வறட்டி தட்டி எரித்தால்தான் அது போய்விடும்.

அடுத்த போகம் முழுக்க ஒரு நோட்டுப் போடுங்கள். பண்ணைக்குள் வந்த உரம், தீவனம், வெளியே போன நெல், வைக்கோல், பால் எல்லாவற்றையும் கிலோவில் எழுதுங்கள். அறுவடை முடிந்து ஈரம் வடிந்ததும் மண் மாதிரி எடுத்து, மதுரை ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு நோட்டோடு போங்கள். பரிசோதனை முடிவு வரும்வரை பொட்டாஷைக் குறைக்க வேண்டாம்.