நாணற் பேனாவின் கோடுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓவியர் வான்கோவின் மை நிலக்காட்சிகளைப் பார்த்தபின், மறைந்த என் அப்பாவின் வயலை மையில் வரைந்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதில் உணர்ச்சியே இல்லை என்கிறார்கள் நண்பர்கள். தென் பிரான்சின் மோன்மஜூர் குன்றில் வான்கோ வரைந்த படங்களில் ஒவ்வொரு கோட்டிலும் மனநோயின் வேதனை தெரிகிறது. அவ்வளவு துன்பப்படாதவர் வரைந்தால் உணர்ச்சி வருமா? எந்தப் பேனா வாங்கலாம்?

வி.

அன்புள்ள வி.,

தந்தையை இழந்த துயரத்திலும் வரைய உட்கார்ந்திருக்கிறீர்கள். அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நண்பர்களின் பேச்சை விட்டுவிடுங்கள். பேனாவைப் பற்றிய கேள்வியும் இப்போது வேண்டாம்.

ஆனால் வேதனையைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது தவறு. ஓவியரின் நோயை வைத்து ஓவியத்தைப் படிக்கும் சோம்பேறித்தனம் சில காலமாகவே என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. லா க்ரோ சமவெளியை மோன்மஜூர் குன்றிலிருந்து வான்கோ வரைந்தது 1888 ஜூலையில். காதை அறுத்துக்கொண்ட அந்த முதல் பெரும் நிலைகுலைவு நேர்ந்தது டிசம்பரில். பின்னால் வந்த நோயை முன்னால் போட்ட கோட்டில் எப்படிக் கண்டீர்கள்? நீங்கள் படத்தைப் பார்க்கவில்லை, வாழ்க்கை வரலாற்றைப் பார்த்திருக்கிறீர்கள்.

கோட்டைப் பாருங்கள். அவர் வரைந்தது நாணற் பேனாவால். நானும் நாணலைச் சீவி எழுதிப் பார்த்திருக்கிறேன். அது கொஞ்சம் மையைத்தான் பிடிக்கும், சில கோடுகளிலேயே வறண்டுவிடும், மறுபடி தோய்த்தாக வேண்டும். ஆகவே கோடு ஈரமாகத் தடித்துத் தொடங்கி மெலிந்து முடிகிறது; ஒவ்வொரு தோய்ப்புக்கும் கண் நிலத்துக்குத் திரும்புகிறது. அறுத்த பயிரின் அடித்தாளுக்கு ஒரு வகைக் கீறல், புல்லுக்கு இன்னொன்று, தொலைவுக்குப் பொடிப்புள்ளிகள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள படத்தில், அத்தனை புள்ளிகளுக்கும் நடுவே சின்னஞ்சிறு ரயில் ஒன்று போகிறது. அங்கே இருப்பது ஒரு நிலத்தின் மேல் தீராத பிரியம். அந்தச் சமவெளியைப் பார்க்க ஐம்பது தடவை போயிருப்பதாகவும், கொசுவையும் மிஸ்ட்ரால் என்ற அந்தப் பக்கத்துக் கடுங்காற்றையும் மறக்கடிக்கிற காட்சியில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்றும் தம்பி தியோவுக்கு எழுதுகிறார்.

உங்கள் படத்தில் கிணற்றடியைப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறீர்கள். அங்கே கோடு மூச்சு விடுகிறது. பின்னாலிருக்கும் பனைகளையோ ஒரே அளவுக் குறுக்குக்கோடுகளால் மூடிவிட்டீர்கள். துன்பம் போதாமல் அப்படி ஆகவில்லை, பொறுமை போதாமல் ஆகியிருக்கிறது. வயலுக்குப் போய் அந்தப் பனைகளை மட்டும், ஒவ்வொன்றாக, மறுபடி வரைந்து அனுப்புங்கள்.