ரோஜா வட்டமும் பிளேக் கதையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘ரிங்கா ரிங்கா ரோசஸ்’ பாட்டு 1665 லண்டன் பிளேக்கைப் பற்றியது, ரோஜா என்பது தோலில் வரும் சிவப்புத் தடிப்பு, தும்மி விழுவது சாவு என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா? இந்த ஆங்கிலக் குழந்தைப் பாட்டுகளையெல்லாம் யார்தான் எழுதினார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உண்மையில்லை. இங்கிலாந்தில் அந்தப் பாட்டு அச்சேறியது 1881இல், கேட் கிரீனவே என்ற ஓவியரின் ‘மதர் கூஸ்’ குழந்தைப் பாட்டுத் தொகுப்பில். அதில் தும்மலே கிடையாது. அந்த இடத்தில் ‘ஹஷ், ஹஷ்’ (உஷ், உஷ்) என்றுதான் வருகிறது. அச்சுக்கு முன்பே வாய்வழியாக இருந்திருக்கலாமே என்பீர்கள். இருந்திருக்கலாம்தான். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் இதைச் சேகரித்தவர்கள் ஒருவர்கூட பிளேக்கைப் பற்றிப் பேசவில்லை. அந்த விளக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவியது.

இப்படி ஒரு கதை காதில் விழுந்தால் பாட்டு முதலில் அச்சான ஆண்டையும், கதை முதலில் சொல்லப்பட்ட ஆண்டையும் தேடுங்கள். பிறகு, முதல் அச்சில் இருந்த வரிகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கதைகள் இந்த மூன்றாவதில்தான் மாட்டிக்கொள்ளும். மதிலிலிருந்து விழுந்த ஹம்ப்டி டம்ப்டியை அரசரின் குதிரைகளாலும் ஆட்களாலும் சரிசெய்ய முடியவில்லை என்று ஒரு பாட்டு உண்டு. அந்த ஹம்ப்டி டம்ப்டி, இங்கிலாந்தின் கால்செஸ்டர் நகர முற்றுகையில் (1648) மதிலிலிருந்து விழுந்த பீரங்கி, அரசரின் படை அதைத் தூக்கி நிறுத்த முடியாமல் தவித்தது என்பார்கள். 1797இல் அச்சான வடிவத்தில் அரசரும் இல்லை, குதிரையும் இல்லை. ‘எண்பது பேரும் இன்னும் எண்பது பேரும்’ மட்டுமே. அது வெறும் விடுகதை, விடை முட்டை. படம் போட்டு விடையைக் காட்டிக்கொடுத்த பிறகு விடுகதை என்பதே மறந்துபோனது.

ஆசிரியர் தெரிந்த பாட்டுகளும் உண்டு. ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ ஜேன் டெய்லர் 1806இல் வெளியிட்ட ஐந்து பத்திக் கவிதை. முதல் பத்திதான் எல்லோருக்கும் தெரியும். மெட்டு வேறு: 1761இலேயே அச்சான பிரெஞ்சு மெட்டு. இசையமைப்பாளர் மொசார்ட் அதை இயற்றவில்லை, அதே மெட்டை விதவிதமாக மாற்றி வாசிக்கும் வடிவங்களை எழுதினார், அவ்வளவே. ‘மேரி ஹேட் எ லிட்டில் லேம்ப்’ 1830இல் அமெரிக்காவில் சாரா ஹேல் தன் பெயரில் வெளியிட்டது. மற்றவற்றுக்கு ஆசிரியர் பெயர் தேடுவது பெரும்பாலும் வீண்வேலை. மலிவுப் பதிப்பாளர்கள் பெயர் போடாமலே அச்சடித்தார்கள். பாடியவர்களும் வரிகளை மாற்றிக்கொண்டே போனார்கள்.

முதல் அச்சு விவரங்களுக்கு அயோனா, பீட்டர் ஓப்பி தம்பதி 1951இல் வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு குழந்தைப் பாட்டு அகராதியைப் பாருங்கள். அதற்கும் முந்தைய தொகுப்பு வேண்டுமென்றால் ஹாலிவெல்லின் 1842 தொகுப்பு.