நெரிசலுக்கு வழக்குப் போட்டால் தம்பி வீட்டுக்கு வருவானா?

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடை உடைத்த சந்தேகத்தில் பிடிபட்ட அவருடைய தம்பி 13 மாதமாக விளக்கமறியலில் இருக்கிறார். இடம் போதாமல் இரவில் முறை வைத்துப் படுக்கிறார்கள், விரலிடுக்கெல்லாம் சிரங்கு. ‘அமெரிக்காவில் ஜெயில் நெரிசலுக்கு வழக்குப் போட்டு ஆயிரக்கணக்கில் விட்டார்களாமே, நாங்களும் போடலாமா?’ என்பது அவருடைய கேள்வி.

சகோதரி, போடலாம். ஆனால் உங்கள் தம்பியை வெளியே கொண்டுவரப்போவது அந்த வழக்கல்ல.

நீங்கள் கேள்விப்பட்டது கலிஃபோர்னியா வழக்கு. ஏறத்தாழ 80,000 பேருக்கென்று கட்டிய சிறைகளில் 156,000 பேர் அளவில் இருந்தார்கள். சில இடங்களில் 54 பேருக்கு ஒரே ஒரு கழிப்பறை. மனநோயுள்ள கைதிகளுக்காக 1990இலும், வைத்தியம் கிடைக்காதவர்களுக்காக 2001இலும் வழக்குகள் தொடங்கின. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல்தான், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், ஆட்தொகையைக் கொள்ளளவின் 137.5 வீதத்துக்குக் குறைக்கச் சொன்ன கட்டளையை உறுதிசெய்தது. அதற்குப் பிறகும் ஒரே நாளில் கதவைத் திறந்துவிடவில்லை. சிறு குற்றக்காரரை மாநிலச் சிறைக்கு அனுப்பாமல் உள்ளூர்ச் சிறைகளில் வைத்தார்கள், அங்கே சில இடங்களில் புதிதாக நெரிசல் வந்தது. இத்தாலியில் 2013இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, தகாத நிலையில் கழித்த ஒவ்வொரு 10 நாளுக்கும் தண்டனையில் ஒரு நாள் கழிக்கச் சட்டம் வந்தது. இவை பெரிய வெற்றிகள்தான். ஆனால் வருசக்கணக்கில் காத்திருந்து கிடைத்தவை.

இங்கே இலங்கையில் வழி, அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை. மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்துகைக்கு எவரையும் உட்படுத்தக்கூடாது என்கிறது அது. மீறப்பட்டால் கொழும்பில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். நீங்கள் அக்கா என்ற முறையில் போட முடியாது. தம்பியோ, அவர் சார்பில் சட்டத்தரணியோதான் போடலாம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதற்கு அலுவலகம் உண்டு, காசு கேட்கமாட்டார்கள். இதைச் செய்யுங்கள். தம்பிக்கு மட்டுமல்ல, பக்கத்தில் படுக்கிற பிள்ளைகளுக்கும் அது பதிவாகும்.

இனித்தான் முக்கியமான விசயம். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. அதன் 16ஆம் பிரிவின்படி, தண்டனை பெறாத ஒருவரைக் கைதான நாளிலிருந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. நீடிக்க வேண்டுமென்றால் சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் கேட்டு, காரணம் எழுதிய கட்டளை பெற வேண்டும், அதுவும் ஒரு தடவைக்கு மூன்று மாதம்தான். உங்கள் தம்பிக்கு 13 மாதம். அப்படியொரு கட்டளை இருக்கிறதா? வழக்கேட்டின் பிரதியை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். (போதைப்பொருள் வழக்கு, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் என்றால் கதை வேறு.)

அதே ஏட்டில் இன்னொன்றும் பாருங்கள்: பிணை ஏற்கெனவே கொடுபட்டிருக்கிறதா? முன்பு ஒரு நாள் நீதிமன்றக் கூண்டில் நின்று விரலிடுக்கைச் சொறிந்துகொண்டிருந்த ஒரு பொடியனை நான் கேட்டபோதுதான், பிணை கிடைத்து நான்கு மாதம், கையெழுத்து வைக்க ஆளில்லை என்று தெரிந்தது. எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை. நெரிசலில் ஒரு பங்கு இப்படி வருகிறது. பிணை நிபந்தனை தாங்காவிட்டால் குறைக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம்.

சிரங்குக்கு மனு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த தவணையில் நீதவானிடம் சொல்லி, வைத்தியரிடம் காட்டக் கட்டளை கேட்கும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

சட்டத்தரணிக்கு வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வழக்கிலக்கம், கைதான திகதி, பிணை நிற்க வரும் இருவரின் அடையாள அட்டை, கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.