வண்டலில் வெள்ளி வார்க்கும்போது

கேள்வி: காவிரி வண்டலை இரு பாதியாகப் பிரியும் சட்டத்தில் இடித்து நிரப்பி, அச்சு பதித்து எடுத்த குழியில் வெள்ளிப் பதக்கம் வார்க்கிறேன். மேலெல்லாம் ஊசி குத்தியது போலத் துளைகள்; பூவில் ஓர் இதழ் நிறையவே இல்லை. இன்னும் சூடேற்றி ஊற்றலாமா?
– வாசகர், வலங்கைமான்

பதில்: வேண்டவே வேண்டாம். அதிகம் காய்ந்த வெள்ளி காற்றிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துவிட்டு, இறுகும்போது கக்கும். துளை கூடத்தான் செய்யும். ஆனால் மண்ணைத்தான் முதலில் பாருங்கள். வெறும் வண்டலில் களிமண் அதிகம். நீராவி வெளியேற வழியின்றி வெள்ளிக்குள் புகுந்துகொள்ளும். ஆற்று மணல் மட்டும் என்றால் பிடிப்பு இருக்காது.

மாவுச் சல்லடையில் சலித்த ஆற்று மணல் நாலு பங்கு, காயவைத்துப் பொடித்த வண்டல் ஒரு பங்கு எனத் தொடங்குங்கள். உதிர்ந்தால் வண்டலைச் சற்றுக் கூட்டலாம். கிலோவுக்கு 50 மில்லி தண்ணீர் தெளித்துப் பிசறி, ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் ஒரு பிடி அள்ளி இறுக்கினால் விரல் ரேகை பதிய வேண்டும், இரண்டாக ஒடித்தால் விளிம்பு உதிரக் கூடாது, உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. ஒட்டினால் நிழலில் பரப்பி உலர்த்துங்கள். ஈரம் மிகுந்த மண்ணில் உருகிய வெள்ளி பட்டால் முகத்துக்கே தெறிக்கும். கண்ணாடியும் தோல் கையுறையும் இல்லாமல் மூசையை (வெள்ளி உருக்கும் கிண்ணத்தை) தொடாதீர்கள்.

இதழ் நிறையாததற்குக் காரணம் உள்ளே சிக்கிய காற்று. ஒவ்வோர் இதழ் நுனியிலிருந்தும் 1 மி.மீ. ஊசியால் வெளியே வரை துளையிடுங்கள். ஊற்றும் வழி 5 மி.மீ. இருக்கட்டும்; அதன் வாயைப் புனல் போல அகலமாக வெட்டுங்கள். அங்கே தேங்கும் வெள்ளி கடைசியாக இறுகினால்தான் பதக்கம் சுருங்கும்போது இறங்கி ஈடுகட்டும். இதழ் 1.5 மி.மீ.க்கு மெலிந்தால் சிரமம்தான்.

அச்சைத் தண்ணீரில் அமிழ்த்தி, ஏறிய மில்லியை 10.4 ஆல் பெருக்கினால் 92.5 சதவீத வெள்ளியின் எடை கிராமில் வரும். புனலுக்கும் சேர்த்து அதைப்போல் இருமடங்கு உருக்குங்கள். வெங்காரம் (போராக்ஸ்) தூவி, வெள்ளி கண்ணாடி போல் பளபளத்து உருளும்போது, மூசை வாயில் தீ இருக்கும்படியே நிறுத்தாமல் ஒரே வீச்சில் ஊற்றுங்கள்.

கேள்வி: சுவாமிமலையில் சிலை வார்ப்பதும் வண்டலில்தானே? சட்ட வார்ப்பில் மட்டும் ஜிமிக்கி ஏன் வராது?
– வாசகி, திருவையாறு

பதில்: அங்கே மெழுகில் உருவம் செய்து மண் பூசிச் சுடுவார்கள்; மெழுகு உருகி ஓடிவிடும், மண்ணையும் உடைத்துவிடுவார்கள், எந்த வளைவும் வரும். சட்ட வார்ப்பில் அச்சை நேராகத் தூக்கி எடுக்க வேண்டும். உட்குழிவு இருந்தால் மண் பெயர்ந்து வரும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கையும் பகுதி பகுதியாக வார்த்துத்தான் மரையால் பூட்டுகிறார்கள். ஜிமிக்கிக் குடையைத் தகட்டில் தட்டிக் குழித்து, தோட்டை மட்டும் வார்த்துப் பற்றவையுங்கள்.

கேள்வி: வார்த்த மண் மறுபடி ஆகுமா?
– வாசகர், பாபநாசம்

பதில்: ஆகும். கறுத்த பகுதியைச் சுரண்டி எறிந்துவிட்டு, மீதியைச் சலித்து ஈரமேற்றுங்கள். சிதறிய வெள்ளி மணிகள் சல்லடையில் தங்கும், அவற்றை விட்டுவிடாதீர்கள்.