மகன் ஃபுட்பால் கோச் ஆகப்போகிறேன் என்கிறானா?

வணக்கம் அம்மா. நியூஜெர்சியில் இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மகன், படிப்பை விட்டுவிட்டு அமெரிக்கன் ஃபுட்பால் கோச் ஆகப்போகிறேன் என்கிறான், இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல வேலைதான். ஆனால் படிப்பை விட்டுவிட்டுப் போகிற வேலை இல்லை.

அவன் ஆடுவது டிவிஷன் த்ரீ கல்லூரிக்கு, அதாவது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் தராத மூன்றாம் பிரிவு. அந்தப் பிரிவின் இறுதிப்போட்டிக்கு ஸ்டாக் பௌல் என்று பெயர். அது ஒரு பழைய கோச்சின் பெயர். அந்த அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக் 1862இல் உங்கள் ஊர்ப்பக்கம் வெஸ்ட் ஆரஞ்சில் பிறந்தவர். பாதிரியார் ஆகத்தான் யேல் பல்கலைக்கழகத்தில் படித்தார். பிரசங்கம் தமக்குச் சரிப்படாது என்று தெரிந்ததும், 1890இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்கு வந்தார். சின்ன இடம், கோச்சும் அவரே, களத்தில் இறங்கி ஆடியவரும் அவரே. அந்த டீமில் சென்டராக ஆடிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தான் 1891இல் அதே பள்ளியில் கூடைப்பந்தை உருவாக்கினார்.

1892இல் சிகாகோ பல்கலைக்கழகம் ஸ்டாக்கை அழைத்தது. அந்தக் காலத்தில் பல கல்லூரிகள் ஒரு சீசனுக்கு மட்டும் கோச் வைத்துக்கொள்ளும். இவரோ உடற்கல்வித் துறையின் தலைவராக, பேராசிரியர் அந்தஸ்தோடு போனார். 41 சீசன் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன். எழுபது வயதில் ஓய்வு கொடுத்ததும் கலிஃபோர்னியாவில் பசிஃபிக் கல்லூரிக்குப் போய், 1943இல், 81 வயதில், ஆண்டின் சிறந்த கோச் ஆனார்.

இன்று கோச்சுக்கு அந்த மாதிரிப் பணிப் பாதுகாப்பு அரிது. அதனால்தான் டிகிரியை முடிக்கச் சொல்கிறேன். அப்புறம் ஏதாவது கல்லூரியில் கிராஜுவேட் அசிஸ்டென்ட்டாக, அதாவது மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டே கோச்சுகளுக்கு உதவுபவனாக, சேரலாம். பெரும்பாலும் மாஸ்டர்ஸ் கட்டணத்தைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும், கைக்குக் கொஞ்சம் பணமும் வரும். சம்பளம் சில வருடம் குறைவாகத்தான் இருக்கும், சீசனில் சனி ஞாயிறு கிடையாது. இன்னொரு வழி, ஆசிரியர் சான்றிதழ் வாங்கி ஹைஸ்கூலில் பாடம் நடத்திக்கொண்டே கோச் செய்வது. எனக்குப் பிடித்த வழி இது. டீம் தோற்றாலும் வகுப்பு இருக்கும். உங்களுக்குக் குடியுரிமை இருப்பதால் விசா கவலையும் இல்லை.

லீவுக்கு வரும்போது எடுத்த எடுப்பில் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சனிக்கிழமை மேட்ச் வீடியோவை ஞாயிறன்று பந்தை நகர்த்தும் ஒவ்வொரு முயற்சியாக வெட்டி, அது எத்தனையாவது டவுன் (முயற்சி), முன்னேற இன்னும் எத்தனை யார்டு பாக்கி என்று குறிக்கிற வேலையைத் தன் கோச்சிடம் கேட்டானா என்று விசாரியுங்கள். அவன் படிக்கிற படிப்பு அதற்கு நேராகவே உதவும். ஒரு சீசன் முழுக்க அலுக்காமல் அதைச் செய்தால் எனக்கு எழுதுங்கள், எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.